முதுகில் நிற்காத பூ

சித்தூர்
16-6-2024

அன்புள்ள லதாவுக்கு,

அண்ணி ஸ்ரீதேவி எழுதுவது. நானும் ரக்ஷிதாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீ, உன் வீட்டுக்காரர் சாய்குமார் அண்ணன், தருண் மூவரும் சௌக்கியம்தானே? உன் காது எப்படி இருக்கிறது? போனில் பேசலாம் என்றால் நான் கத்துவது மிட்டூர் வரைக்கும் கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்பதில்லை. அதனால் பழையபடி காகிதம்தான். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. உன் வீட்டிலும் சரி, என் வீட்டிலும் சரி, நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. நாம் தெலுங்கு எழுத்தை ஜிலேபி என்போம். ரக்ஷிதா நம் எழுத்தை முறுக்கு என்கிறாள்.

மாங்காய்க் காலம். நான் வேலை செய்யும் மாங்கூழ் ஃபேக்டரியில் பெங்களூரா மாங்காய் மலை மலையாக வந்து இறங்குகிறது. வீட்டுக்கு வந்து எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையில் அந்த வாசனை போகமாட்டேன் என்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் பேரில் உள்ள பாலிசி உனக்குத் தெரியும். ரக்ஷிதா பிறந்த வருஷம் போட்டது. இருபது வருஷம் முடிந்து அடுத்த வருஷம் நவம்பரில் முதிர்கிறது. ஏஜெண்ட் நரசிம்மன் வந்திருந்தார். முதிர்ந்தாலும் உன் அண்ணன் கையெழுத்து இல்லாமல் பணம் வராதாம். இப்போதே முறித்து எடுக்கலாம் என்றால் அதற்கும் அவர் கையெழுத்துதான். கையெழுத்துப் போட வேண்டியவர் ஒரு ரதசப்தமிக்கு முதல் நாள், திருப்பதி மலைக்கு முடி கொடுக்கப் போகிறேன் என்று சொல்லி, போனை ஷெல்ஃபிலேயே வைத்துவிட்டுப் போனார். வரும் தையோடு ஏழு வருஷம்.

"ஏழு வருஷம் ஆயிட்டா கோர்ட்ல ஆர்டர் வாங்கிக்கலாம்மா. ஆளு இல்லன்னு ஆர்டர் வந்துட்டா, நாமினி நீங்கதானே, பணம் உங்களுக்கு வந்துடும்" என்றார் நரசிம்மன். 'இல்ல' என்ற வார்த்தை வரும்போது மட்டும் குரலைத் தணித்துக்கொண்டார். நல்ல மனுஷன். வக்கீலிடமும் அவரே கூட்டிப்போனார். காகிதங்களை இப்போதே தயார் செய்தால் தை பிறந்ததும் போட்டுவிடலாம் என்றார் வக்கீல். ஆனால் கூடப் பிறந்தவர்கள் கூண்டில் ஏறி, இத்தனை வருஷமாக அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டுமாம். அவருக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ரக்ஷிதாவுக்கு நர்சிங் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. இந்தப் பணத்தை நம்பித்தான் சேர்த்தேன். நீ வருவாயா? வருவது இருக்கட்டும், இதைச் செய்யலாமா வேண்டாமா என்று முதலில் நீ சொல். எனக்கு யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
ஸ்ரீதேவி


திருப்பதி
20-7-2024

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு,

லதா வணக்கம். இங்கே எல்லோரும் சுமார். தருணின் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு அதுதான் காரணம். லீவு முடிந்தும் ஊரில் கூட்டம் குறையவில்லை. எங்கள் கொர்லகுண்டாவிலிருந்து பஸ் ஸ்டாண்டு போவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடுகிறது. உங்களுக்குக் கால் வலி தேவலையா? நின்றுகொண்டே வேலை செய்யாதீர்கள்.

பாலிசி விஷயம் படித்தேன். அவசரப்பட வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது அண்ணி. அடுத்த நவம்பருக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. கோர்ட்டு என்றாலே எனக்கு நடுக்கம். காது வேறு இப்படி. வக்கீல் கத்துவார், நான் விழிப்பேன், ஊரே சிரிக்கும்.

ரக்ஷிதா படிப்புக்கு ஃபீஸ் குறைந்தால் சொல்லுங்கள், தருணின் அப்பாவிடம் பேசிப் பார்க்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். கையெழுத்து மட்டும் இருந்தால் கோர்ட்டு இல்லாமலே பணம் வந்துவிடுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

ரக்ஷிதாவுக்கு என் முத்தங்கள்.
லதா


சித்தூர்
28-7-2024

அன்புள்ள லதாவுக்கு,

நலம். கால் வலி அப்படியே இருக்கிறது, அதற்கும் எனக்கும் பழகிவிட்டது. சாய்குமார் அண்ணன் சர்க்கரையைப் பார்த்துக்கொள். இனிப்பை நீ எங்கே ஒளித்து வைத்தாலும் அவர் கண்டுபிடிப்பார் என்று தெரியும், அதனால் வாங்காமலே இரு.

சும்மா கேட்பதற்கு நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறாய். கையெழுத்து இருந்தால் பணம் எங்கள் இரண்டு பேர் பேரிலும் உள்ள பாங்க் கணக்குக்கு நேராக வந்துவிடும். அந்தக் கையெழுத்தை எங்கே போய் வாங்க? சந்தையில் விற்கிறார்களா?

நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. எனக்கு மட்டும் ஆசையா? வக்கீல் வீட்டிலிருந்து வந்த அன்று கண்ணாடி முன்னால் போய் நின்றேன். பொட்டைப் பார்த்தேன், தாலியைப் பார்த்தேன். கோர்ட்டு ஆர்டர் வந்தால் இதெல்லாம் என்ன ஆகும் என்று வக்கீலிடம் கேட்க முடியுமா? அவர் சட்டம் படித்தவர்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். வருஷா வருஷம் நவம்பரில் பிரீமியம் கட்டப் போவேன். கவுண்டரில் உள்ள பெண் "சார் ராலேதா?" என்று, சார் வரவில்லையா என்று, கேட்பாள். "ஊர்ல கீறாரு" என்பேன். ரசீதில் அவர் பேர் அச்சாகி வருவதைப் பார்த்தால் அந்த வருஷம் எனக்கு ஓடிவிடும். செத்துப் போனவனுக்கு யாராவது பிரீமியம் கட்டுவார்களா? நான் கட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் அவர் இருக்கிறார். இப்படி ஒரு கணக்கு. சிரிக்காதே.

அவர் வீட்டை விட்டுப் போன வருஷம் நான் ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டதும் உனக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறார் என்ற சேதி வந்தால் போதும், கழுத்துத் தாலியைக் கழற்றி உண்டியலில் போடுகிறேன் என்று. போட்டுவிட்டு வெளியே வந்ததும் புருஷன் மஞ்சள் கயிறு கட்டுவதுதானே வழக்கம்? அந்தக் கயிற்றுக்காகத்தான் வேண்டிக்கொண்டதே. மலைக்காரன் வட்டியோடு வாங்கிக்கொள்கிறவன், கடன் வைத்தால் விடமாட்டான் என்பார்கள். இங்கே அவன்தான் எனக்குப் பாக்கி.

இவ்வளவு நாள் காத்தேன். இனி ரக்ஷிதாவைப் பார்க்க வேண்டும். நீ வந்து நில். கேட்கவில்லை என்றால் வக்கீலை எழுதிக் காட்டச் சொல்கிறேன்.

உன் அண்ணி,
ஸ்ரீதேவி


திருப்பதி
12-8-2024

அன்புள்ள அண்ணிக்கு,

லதா எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அழுதேன். நீங்கள் ரசீது பார்த்து வருஷத்தைத் தள்ளினீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

நான் வருகிறேன் அண்ணி. தேதி மட்டும் முன்னாலேயே எழுதுங்கள். என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்கிறேன். ரக்ஷிதா படிக்கட்டும். அவள் படித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

இங்கே மழை இல்லை, புழுக்கம் தாங்கவில்லை. தருண் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போய் வந்தான். வெள்ளிக்கிழமை கருட பஞ்சமி கும்பிட்டேன். புற்றுக்குப் பால் விட்டுவிட்டு, மீந்த பாலில் பூவைத் தோய்த்து முதுகில் வைத்தால் நிற்கவே இல்லை. வைக்க வைக்க வழுக்கி விழுந்தது. எந்த வருஷமும் இப்படி ஆனதில்லை. என்ன குறை வைத்தேனோ என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது. நீங்களும் அங்கே புற்றுக்கு ஒரு தரம் பால் விட்டுவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
லதா


சித்தூர்
30-9-2024

லதா,

ஒன்றரை மாதமாக உன் கடிதத்தை மசாலா டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும்போது எடுத்துப் படிப்பேன், வந்ததும் படிப்பேன். நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று இருந்தேன். இல்லை.

பஞ்சமிக்குக் கூடப் பிறந்தவன் முதுகில் பூ வைப்பது உங்கள் வீட்டு வழக்கம். நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குனிந்து உட்காருவார், நீ வைப்பாய், அவர் உனக்கு ரவிக்கைத் துணி கொடுப்பார். அவர் போன பிறகு அண்ணன் படத்துக்கு வைக்கிறேன் என்று எழுதினாய். வருஷா வருஷம் அப்படித்தான் எழுதினாய்.

படத்துக்கு முதுகு ஏது, லதா?

ஸ்ரீதேவி


திருப்பதி
7-10-2024

அண்ணி,

உங்கள் காலைத் தொட்டு எழுதுகிறேன். நலம் கேட்க எனக்கு முகம் இல்லை.

அண்ணன் இருக்கிறார். திருச்சானூரில் ஒரு லாட்ஜில் பெட்ஷீட் துவைத்து மடிக்கும் வேலை. அங்கேயே மாடிப்படிக்குக் கீழே படுக்கை.

கொரோனா அடங்கின வருஷம் தாயார் கோயிலுக்குப் போய்விட்டு ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன். எதிரே லாட்ஜ் வாசலில் ஒருவர் துணி மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். முகம் அந்தப் பக்கம். மொட்டைத் தலை, மேலே சட்டை இல்லை. நான் பாவாடை கட்டின நாளிலிருந்து பூ வைத்த முதுகு அண்ணி அது. எனக்கு முகம் தேவைப்படவில்லை. "அண்ணா" என்றேன். திரும்பிப் பார்த்தார். ஓடிவிடுவார் என்று பயந்தேன். ஓடவில்லை. "துன்னியா?" என்று கேட்டார். ஏதோ நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்தவர் போல.

"எதுக்கோசரம் இப்பிடி வந்துட்ட?" என்று அவர் சட்டையைப் பிடித்துக்கூடக் கேட்க முடியவில்லை, சட்டையே இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார்.

"மூச்சு முட்டுச்சு லதா. ஸ்பேர் பார்ட்ஸ் கட, வூடு, கட, வூடு. முடி குட்துட்டு மலை எறங்கினேன். பஸ் ஸ்டாண்டு வரிக்கும் வந்தேன். சித்தூரு பஸ்ஸு நின்னுக்கினு இருந்துச்சு. ஏறல."

"அண்ணி இன்னா சொன்னாங்க? யாராச்சும் இன்னாவாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணியும் சொல்லல."

வீட்டுக்குச் சொல்கிறேன் என்றேன். "சொல்லிட்டீன்னா இங்கேந்தும் போய்டுவேன். அப்பறம் உனுக்கும் இல்ல, அவங்களுக்கும் இல்ல" என்றார். சொல்லக்கூடிய ஆள்தான், செய்யக்கூடிய ஆள்தான். எங்கள் நைனாவும் அப்படித்தான். நான் பயந்துவிட்டேன். அப்புறம் வருஷத்துக்கு நாலைந்து முறை போவேன். பஞ்சமிக்குக் கட்டாயம் போவேன். உங்களுக்கு எழுதும்போது படத்துக்கு வைத்தேன் என்று எழுதுவேன். கிடைத்தவரை கைவிட மனசு வரவில்லை, உங்களை ஏமாற்றவும் மனசு வரவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தேன்.

கூண்டில் ஏறிப் பொய் சொல்லவும் துணிந்துவிட்டேன். நீங்கள் பணத்தை எடுத்துக்கொண்டால் என் பாரம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். பூ விழுந்ததும்தான் பயம் வந்தது. அந்தப் பயத்தில் எழுதியதுதான் நீங்கள் பிடித்தது.

என்னைத் திட்டுங்கள்.
லதா


திருப்பதி
4-11-2024

அன்புள்ள அண்ணிக்கு,

தீபாவளி எப்படி ஆயிற்று? ரக்ஷிதாவுக்கு என்ன எடுத்தீர்கள்? இங்கே பண்டிகை நடந்தது என்று பேர்.

தினமும் போஸ்ட்மேன் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன். தருணின் அப்பா "ஏமி, லவ் லெட்டரா?" என்று கிண்டல் செய்கிறார். உங்கள் நம்பருக்கு ஒரு தரம் போட்டேன். நீங்கள் எடுத்தீர்கள், பேசினீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத்தான் கேட்காதே. கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு வைத்துவிட்டேன்.

நீங்கள் தெரிந்துகொண்டதை அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படி.

லதா


சித்தூர்
10-11-2024

லதாவுக்கு,

நாங்கள் நலம். அன்று போனில் நான் பேசவில்லை. மூச்சு விடும் சத்தம் உனக்குக் கேட்டிருந்தால் போதும் என்று சும்மா வைத்திருந்தேன்.

திட்டச் சொன்னாய். எழுதி எழுதிக் கிழித்தேன். அடுப்பில் போட்டதுதான் அதிகம். மிச்சம் இருப்பதை எழுதுகிறேன்.

மூச்சு முட்டியதாம். எனக்கும் முட்டியது. மாங்காய்க் காலத்தில் நடு ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும்போது முட்டும். ரக்ஷிதா ஜுரத்தில் கிடக்கும்போது முட்டும். போலீஸ் ஸ்டேஷனில் "உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா, அந்தாளுக்கு வேற எங்கியாவது ஏற்பாடு இருந்துதா?" என்று கேட்டபோது முட்டியது. நான் எங்கே போனேன்? எனக்கும் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஊர் ஊருக்கு பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது.

அவர் ஏதாவது குளத்தில், ஏதாவது ரயில் தண்டவாளத்தில் கிடந்திருப்பாரோ என்று நான் கனவு கண்டு எழுந்த நாட்களில் அவர் பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்திருக்கிறார். உயிரோடு இருக்கிறார் என்று படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்கவில்லை. விழுந்து கும்பிட்டேன். எழுந்ததும்தான் கோபம் வந்தது. இரண்டும் இன்னும் போகவில்லை.

உன் மேலும் கோபம்தான். அவர் உன்னை மிரட்டியது ஒரு பக்கம். நான் சாப்பிட்டேனா என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்டவள் நீ, அதனால் உன்மேல் இன்னும் அதிகம்.

இப்போது முடிவைச் சொல்கிறேன். கோர்ட்டு வேண்டாம். வக்கீலிடம் சொல்லிவிட்டேன். செத்தவர் கணக்கில் பணம் வந்தால் சீக்கிரம் வரும், எனக்கும் ஊரில் புருஷனை இழந்தவள் என்று ஒரு பேர் கிடைக்கும். இருக்கிற மனுஷனை இல்லை என்று சொல்லி அந்தப் பணத்தில் என் பெண் ஊசி போடக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

முறித்து எடுக்கவும் போவதில்லை. இவ்வளவு வருஷம் கட்டிவிட்டுக் கடைசியில் குறைத்து வாங்க எனக்கு வயிறு எரியும்.

கடைசி பிரீமியம் இந்த மாதம் 28-ஆம் தேதி. அதோடு கட்ட வேண்டியது முடிந்தது. அதை நான் கட்டமாட்டேன். அவர் கட்டட்டும். பாலிசி நம்பரை இந்தக் காகிதத்துக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன். நரசிம்மன் கொடுத்த முதிர்வு ஃபாரத்தையும் வைத்திருக்கிறேன், அதில் கையெழுத்துப் போடட்டும். கட்டாவிட்டால், போடாவிட்டால், பாலிசி எப்படிப் போகிறதோ போகட்டும். ரக்ஷிதாவை நான் வேறு வழியில் படிக்கவைப்பேன். என்ன வழி என்று இப்போது கேட்காதே, தெரியாது.

அவரை வா என்று சொல்லாதே. வராதே என்றும் சொல்லாதே. இடம் தெரியும், பஸ்ஸும் தெரியும்.

ஸ்ரீதேவி


திருப்பதி
2-12-2024

அன்புள்ள அண்ணிக்கு,

லதா நமஸ்காரம். நீங்கள் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தாயாரைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே போனேன். அண்ணன் மொட்டை மாடியில் பெட்ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்துவிட்டது என்றேன். ஓடிவிடுவார் என்று படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றேன். அவர் கையில் இருந்த பெட்ஷீட்டை உதறிக் கொடியில் போட்டார். அப்புறம் கீழே உட்கார்ந்தார்.

பாலிசி நம்பரைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது இன்னும் ஓடிக்கினு கீதா?"

"ஓடிக்கினுதான் கீது."

"யாரு கட்டிக்கினு இருந்தது?"

"அண்ணிதான்."

"எல்லா வருஷமுமா?"

"எல்லா வருஷமும்."

"எப்பவோ நின்னுபோயிருக்கும்னு நெனச்சேன். நான் செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டிருப்பாங்க, அழுது முடிச்சிருப்பாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அப்பிடி நெனச்சாத்தான் எனுக்கு இங்க சோறு எறங்கும்" என்றார். அண்ணி, அதற்கு அப்புறம் அவர் அழுதார். எனக்குக் கேட்கவில்லை, தோள் குலுங்குவதைப் பார்த்தேன்.

பணத்தை என்னிடம் கொடுக்க வந்தார். நான் வாங்கவில்லை. நீயே போய்க் கட்டு என்றேன். இருபத்தெட்டாம் தேதி லாட்ஜில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து இன்சூரன்ஸ் ஆபீஸ் வரிசையில் நின்றார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். கவுண்டரில் பேர் கேட்டார்கள். அவர் வாய் அசைந்தது. லாட்ஜில் அவரை வேறு பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கவுண்டரில் கோவர்த்தனன் என்று சொந்தப் பேரைத்தான் சொல்லியிருக்க வேண்டும், ரசீதில் அப்படித்தான் வந்தது.

ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இத்துடன் இருக்கிறது. வேறு என்ன காகிதம் கேட்டாலும் தருகிறேன் என்றார்.

"பாப்பாக்கு இப்ப இன்னா வயசு?" என்று கேட்டார். பத்தொன்பது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

நீங்கள் சொல்லாதே என்றீர்கள், ஆனால் நான் கேட்டுவிட்டேன், மன்னியுங்கள். லாட்ஜுக்குத் திரும்பியதும் மொட்டை மாடியில் வைத்து, ஊருக்கு வருகிறாயா என்று கேட்டேன். கொடியில் இருந்த பெட்ஷீட்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். அது இன்னும் காயவே இல்லை.

உங்கள் லதா


சித்தூர்
27-1-2025

அன்புள்ள லதாவுக்கு,

அண்ணி எழுதுவது. நானும் ரக்ஷிதாவும் சௌக்கியம். பொங்கல் நல்லபடியாகக் கழிந்தது. சாய்குமார் அண்ணன் சர்க்கரை எப்படி இருக்கிறது? தருணுக்கு வேலை கிடைத்ததா?

ஃபாரம் பத்திரமாக இருக்கிறது. நரசிம்மனிடம் காட்டினேன். எப்படிக் கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. காப்பியை மடமடவென்று குடித்துவிட்டு, நவம்பரில் பணம் வந்துவிடும் என்று மட்டும் சொன்னார். முதல் வேலை ரக்ஷிதா ஃபீஸ்.

அவர் பிரீமியம் கட்டியது உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஷெல்ஃபில் இருக்கிற அவர் போனுக்கு இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டுதான் இருக்கிறேன். இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் அது சத்தம் போட்டது. ரக்ஷிதா எடுத்துப் பார்த்தாள். கோவர்த்தனன் அவர்களே, உங்கள் பிரீமியம் வந்து சேர்ந்தது, நன்றி என்று வழக்கமாக வரும் மெசேஜ்.

"எப்பம்மா போயி கட்டன?" என்றாள்.

"நான் கட்டல."

"பின்ன யாரு?"

"உங்க நைனா."

பொய் சொல்லி இருக்கலாம். உன்னைப் பார்த்த பிறகு அந்த வேலை எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்து முதலிலிருந்து படித்துக் காட்டினேன். என்னுடையதில் நினைவு இருந்ததைச் சொன்னேன். பெண் அழவில்லை. நீ அவர் முதுகைப் பார்த்துக் கண்டுபிடித்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். "எனுக்கு அவரு மூஞ்சியே மறந்துக்கினு வருதும்மா" என்றாள்.

டிசம்பர் முழுக்கக் காத்திருந்தேன். உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன். போகி அன்றும் பார்த்தேன், பொங்கல் அன்றும் பார்த்தேன். ஒரு பிடி அரிசி சேர்த்துத்தான் போட்டேன். வரவில்லை.

போன வாரம் மலைக்குப் போனோம். சேதி வந்தால் தாலியைப் போடுகிறேன் என்று வேண்டியிருந்தேன், சேதி வந்துவிட்டது. அவன் பங்கை அவன் செய்துவிட்டான், என் பங்கை நான் செய்ய வேண்டும். உண்டியல் முன்னால் போய் நின்றால் செயின் கொக்கி வரமாட்டேன் என்கிறது. இருபத்திரண்டு வருஷம் கழுத்தில் கிடந்து இறுகிவிட்டது. பின்னால் கூட்டம் தள்ளுகிறது, தொண்டர்கள் 'பதண்டி பதண்டி' என்று விரட்டுகிறார்கள். ரக்ஷிதாதான் என் கழுத்தில் முகத்தை வைத்துப் பல்லால் கடித்துக் கழற்றினாள். போட்டுவிட்டேன்.

எங்களுக்கு முன்னால் ஒரு பெண் போட்டாள். நெல்லூர்ப் பக்கம் போலிருக்கிறது. வெளியே வந்ததும் அவள் புருஷன் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்துக் கட்டினான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடம்பு. ஒரு முடிச்சுப் போடுவதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது. நான் நின்று பார்த்துவிட்டு ரக்ஷிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கழுத்து லேசாக இருந்தது. அழுதேன், ஆனால் நீ நினைக்கிற அளவு இல்லை.

அவர் செத்திருந்தால் இந்தத் தாலியை ஊர்தான் கழற்றியிருக்கும். இருக்கிறார், அதனால் நான் கழற்றினேன். பொட்டை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என்னுடையது.

இறங்கித் திருச்சானூருக்கும் போனோம். தாயாரைப் பார்க்காமல் வரக்கூடாது அல்லவா? நீ எழுதியிருந்த லாட்ஜைத் தேட வேண்டியிருக்கவில்லை. மொட்டை மாடியில் வரிசையாக வெள்ளை பெட்ஷீட். அதற்குப் பின்னால் ஆள் தெரியவில்லை. கொடிக்கு மேலே ஒரு கை மட்டும் வந்து வந்து கிளிப் போட்டுக்கொண்டிருந்தது.

"மேல போய்ட்டு வர்ட்டுமாம்மா?" என்றாள் ரக்ஷிதா.

"போ. நான் இங்கியே நிக்கிறேன்."

அவள் படி வரைக்கும் போனாள். கொஞ்ச நேரம் நின்றாள். "இன்னொரு நாளு வர்றேன்" என்று திரும்பி வந்துவிட்டாள். வருவாள் என்று நினைக்கிறேன். வந்தால் நீ கூடப் போ. இருவரும் பேசுவது உனக்குக் கேட்காது, அதுவும் நல்லதுதான்.

அவ்வளவு தூரம் வந்தும் உன் வீட்டுக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. உன் மேல் கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பாதி போயிருக்கிறது. மீதியோடு வந்து உன் வீட்டில் சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை. மாங்காய்க் காலம் முடிந்ததும் வருகிறேன்.

இன்னும் ஒன்று. அடுத்த பஞ்சமிக்குப் பூ வைக்கப் போகும்போது ஒரு பழைய துணியை எடுத்துக்கொண்டு போ. முதலில் முதுகை நன்றாகத் துடைத்துவிட்டு அப்புறம் வை. பூ நிற்கும். அவருக்கு அந்த இடத்தில் எப்போதும் வியர்க்கும்.

அன்புடன்,
ஸ்ரீதேவி